கணக்கில் ஏறாத வேலை

பள்ளி ஆசிரியரின் வேலைப்பளுவைப் பற்றிப் பேச்செடுத்தால், அரசாணையிலும் சட்டமன்ற விவாதத்திலும் டீக்கடை வாதத்திலும் ஒரே ஓர் எண்தான் முன்னால் வந்து நிற்கும்: ஓர் ஆசிரியருக்கு எத்தனை பிள்ளைகள். 1997 டிசம்பரில் தமிழக அரசு பிறப்பித்த 525ஆம் எண் அரசாணை அதை 40 என்று வைத்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளுக்கு 30, நடுநிலை வகுப்புகளுக்கு 35 என்று இறக்கியது. எண் இறங்க இறங்க ஆசிரியரின் சுமையும் இறங்கிவிட்டதாக நாம் எடுத்துக்கொள்கிறோம். ஆனால் இந்த எண் ஆசிரியர் படும் பாட்டை அளப்பதற்காகப் பிறந்ததே இல்லை, ஆசிரியருக்கு ஆகும் செலவை அளப்பதற்காகப் பிறந்தது. அதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்ததால், இருநூறு ஆண்டுகளாகப் பாடத்துக்கு வெளியே ஆசிரியர் தலையில் ஏறிய வேலைகள் எந்தப் பேரேட்டிலும் பதியப்படாமலே போயின. பளு உண்மையிலேயே குறைந்த தருணங்கள் நம் வரலாற்றில் சில உண்டு. அவற்றை உற்றுப் பார்த்தால், ஒரு வேலையை ஆசிரியரிடமிருந்து பெயர்த்தெடுத்து, அதற்கென்று தனியாக ஆள் போட்டு, சம்பளமும் ஒதுக்கிய தருணங்களாகவே அவை இருக்கின்றன.

அந்த எண்ணின் கதை சென்னை எழும்பூரில் தொடங்குகிறது என்று சொன்னால் பெரிய மிகையில்லை. ஆங்கிலேயப் படைவீரர்களின் பிள்ளைகளுக்காக அங்கே நடந்த ஆண் அநாதை விடுதிக்கு 1789இல் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் பொறுப்பேற்றார். நம்மூர்த் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதைத் தம் விடுதியிலும் புகுத்தச் சொன்னார். அங்கிருந்த உதவி ஆசிரியர்கள் நடக்காது என்று கைவிரித்தார்கள். பெல் அவர்களோடு மல்லுக்கு நிற்கவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனை அரிச்சுவடி வகுப்புக்குப் பொறுப்பாக உட்கார வைத்தார். பையன் செய்து காட்டிவிட்டான். அதன்பின் வகுப்புக்கு வகுப்பு பையன்களே சட்டாம்பிள்ளைகள் ஆனார்கள். உதவி ஆசிரியர்கள் வேலை கற்றுத் தேறியதும் கூடுதல் சம்பளம் கிடைக்கும் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள் என்பதும் பெல்லின் புகார்களில் ஒன்று. ஆக, நோய் சம்பளத்தில் இருந்தது, கிடைத்த மருந்து சம்பளமே கேட்காத ஒரு சிறுவன். 1797இல் லண்டனில் பெல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். மறு ஆண்டு அங்கே பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்டர், ஒரே ஆசிரியரைக் கொண்டு ஆயிரம் பிள்ளைகளைக்கூடப் படிக்க வைக்கலாம் என்று கூறுமளவுக்குப் போனார். 1811இல் தொடங்கிய இங்கிலாந்துத் திருச்சபையின் நேஷனல் சொசைட்டி பெல்லின் முறையில் நாடெங்கும் பள்ளிகளைத் திறந்தது. ‘மெட்ராஸ் முறை’ என்று உலகம் சுற்றிய அந்தச் சரக்கின் கவர்ச்சி முழுவதும் அந்த விகிதத்தில் இருந்தது: ஒரு சம்பளத்துக்கு எத்தனை தலை.

பெல் கண்டு வியந்த திண்ணைப் பள்ளியில் நிலைமை வேறு. 1822இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ மாவட்ட ஆட்சியர்களிடம் கேட்டுத் திரட்டிய கணக்கின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். வகுத்துப் பார்த்தால் பள்ளிக்குப் பதினைந்து பேர். இன்றைய எந்தச் சட்டத்தின் அளவுகோலுக்கும் இது சொகுசான விகிதம். ஆனால் அதே மன்றோ, ஆசிரியரின் மாத வரும்படி ஆறேழு ரூபாயைத் தாண்டவில்லை என்றும், தகுதியானவர்கள் இந்தத் தொழிலுக்கு வர அது போதாது என்றும் 1826இல் எழுதி வைத்தார். அந்த ஆறேழு ரூபாயும் ஒரே கையிலிருந்து வந்ததல்ல. பிள்ளையைச் சேர்க்கும்போது ஒன்று, மணலிலிருந்து ஓலைக்கு மாறும்போது ஒன்று, அறுப்புக்குப் பின் நெல், நவராத்திரியில் மாணவர்களைக் கோலாட்டத்தோடு வீடுவீடாக அழைத்துப்போய்ப் பெறும் பரிசு என்று சிறுகச் சிறுகச் சேர்ந்தது. காலை ஆறு மணிக்குத் தொடங்கி, சாப்பாட்டுக்கு இடையில் விட்டு, பொழுது சாயும்வரை பள்ளி நடந்தது. சட்டாம்பிள்ளை முறை அங்கே தேவையிலிருந்து வந்தது. ஐந்து வயதுப் பையனும் பதினைந்து வயதுப் பையனும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்க, வாத்தியார் பெரியவனின் ஓலையைத் திருத்தும் நேரத்தில் சின்னவனின் மணல் எழுத்தைப் பார்க்க இன்னொரு கண் வேண்டியிருந்தது. பல்லாரி ஆட்சியராக இருந்த கேம்ப்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கையில், மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் இந்தச் சிக்கனத்தைப் பாராட்டி, இங்கிலாந்து இதைப் பின்பற்றியது சரிதான் என்றார். திண்ணையில் பதினைந்து பேருக்கு நடுவே கைத்துணையாக இருந்த ஏற்பாடு, கடல் கடந்து போனபோது நூற்றுக்கணக்கான பேருக்கு ஆசிரியரே வேண்டாம் என்பதற்குச் சாக்காகிவிட்டது. இந்த மாற்றத்தை அவர் கவனித்ததாக அறிக்கை காட்டவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வேறொரு விதமான வேலை வந்து சேர்ந்தது. இங்கிலாந்தில் 1862இல் ராபர்ட் லோ கொண்டுவந்த விதியை ஒட்டி, சென்னை மாகாணத்திலும் தேர்ச்சிக்கு ஏற்ற மானியம் என்ற முறை வேரூன்றியது. ஆய்வாளர் வருவார், பிள்ளைகளை வாசிப்பு, எழுத்து, கணக்கு என ஒவ்வொன்றாகச் சோதிப்பார், தேறிய தலைக்கு இவ்வளவு என்று பணம் வரும். திண்ணைப் பள்ளி வாத்தியார்கள் ஏராளமானோர் இந்த மானியத்துக்காகவே அரசுப் பார்வைக்குள் வந்தார்கள். பணம் வந்தது உண்மை. ஆனால் பணத்தோடு பதிவேடும் வந்தது. பிள்ளை எத்தனை நாள் வந்தான், எந்த வகுப்பில் நின்றான், எந்தப் பாடத்தில் தவறினான் என்று எழுதி வைத்தால்தான் ஆய்வாளர் ஏற்பார். ஆய்வு நாளில் ஒரு பிள்ளை காய்ச்சலில் படுத்துவிட்டால் நட்டம் வாத்தியாருக்கு. 1904இல் இந்திய அரசின் கல்விக் கொள்கைத் தீர்மானம் இந்த முறையைக் கைவிடச் சொன்னது, பணமும் நின்றது. பதிவேடு நிற்கவில்லை. நம் பள்ளிகளில் ஒரு பழக்கம் அன்றிலிருந்து ஊறிப்போயிருக்கிறது: வேலை நடந்ததற்குச் சான்று தயாரிப்பதும் அந்த வேலையைச் செய்பவரின் பொறுப்பே, அதற்குத் தனி நேரம் கிடையாது.

மறுபுறம், கிராமத்தில் எழுதப்படிக்கத் தெரிந்தவர்கள் கர்ணமும் வாத்தியாரும்தான் என்ற நிலையில், அரசுக்கு எழுத்துவேலை எது வந்தாலும் அவர்களைத் தேடிப் போவது இயல்பாக இருந்தது. சிற்றூர் அஞ்சலகங்கள் பலவற்றைப் பள்ளி ஆசிரியர்களே நடத்தினார்கள். பள்ளி விட்டதும் அதே மேசையில் முத்திரை குத்தி, மணியார்டர் எழுதி, பையைக் கட்டி அனுப்புவார்கள். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று, அஞ்சல் துறை அதற்கென்று சிறு தொகை கொடுத்தது. வேலை தனி, நேரம் தனி, படியும் தனி என்பதால் அதைச் சுரண்டல் என்று சொல்ல முடியாது. குடிக்கணக்கு அப்படியில்லை. 1881இல் நாடு முழுவதும் ஒரே காலத்தில் எடுக்கத் தொடங்கிய மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குக் கிராம அலுவலர்களோடு ஆசிரியர்களும் வீடுவீடாகப் போனார்கள். சுதந்திரத்துக்குப் பின் வயதுவந்தோர் எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்தபோது வாக்காளர் பட்டியலும் வாக்குச்சாவடியும் சேர்ந்துகொண்டன. அன்றைக்கு இதற்கு வலுவான நியாயம் இருந்தது, வேறு ஆள் கிடையாது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காட்டைத் தொட்டுவிட்டது. பட்டதாரிகள் வேலை தேடி அலையும் தெருவிலும் வாக்காளர் பட்டியலோடு கதவைத் தட்டுவது இன்னும் ஆசிரியரோ அங்கன்வாடிப் பணியாளரோதான். காரணம் போய் வெகுநாளாகிவிட்டது, வழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

விகிதத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 1953 நல்ல சான்று. ராஜாஜி அரசு கொண்டுவந்த மாற்றியமைத்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் பிள்ளைக்கு நாளுக்கு மூன்று மணி நேரம்தான் பள்ளி. மீதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்றார்கள். குலக்கல்வி என்று அதைத் திராவிட இயக்கம் எதிர்த்ததும், அது சாதியை நிலைநிறுத்தும் என்ற குற்றச்சாட்டின் நியாயமும் எல்லோரும் அறிந்தவை. அதே திட்டத்தின் இன்னொரு பக்கம் அவ்வளவாகப் பேசப்படவில்லை. பிள்ளைகளை இரண்டு அணியாகப் பிரித்து ஓர் அணி காலையிலும் ஓர் அணி பிற்பகலிலும் வரும். ஆசிரியர் மட்டும் இரண்டு வேளையும் நிற்பார். புதிய ஆசிரியர் நியமனம் இல்லாமல், புதிய கட்டடம் இல்லாமல், கூடுதல் பிள்ளைகளுக்கு இடம். ஒரு வேளைக்கு ஓர் ஆசிரியருக்கு எத்தனை பேர் என்ற எண் காகிதத்தில் குறைந்துவிடும், ஆனால் அவரிடம் நாள் முழுவதும் படிப்பவர்களின் தொகை கூடிவிடும். பெல் கண்ட சூத்திரம் வேறு உருவில் திரும்பியிருந்தது. 1954இல் காமராசர் முதல்வரானதும் முதல் வேலையாக அதைக் கைவிட்டார்.

காமராசர் காலத்தைப் பற்றி எழுதும்போது நாம் புகழுரையோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். இந்தக் கோணத்தில் பார்த்தால் அது இருமுகம் கொண்ட காலம். 1955இல் உள்ளாட்சிப் பள்ளி, உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு ஓய்வூதியம், சேமநிதி, காப்பீடு மூன்றையும் ஒன்றாகத் தரும் திட்டம் வந்தது. முதுமையில் யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம் என்ற உறுதி ஆசிரியர் நலனுக்கு அதுவரை யாரும் செய்திராதது. ஆனால் 1956இல் எட்டயபுரத்தில் தொடங்கிய மதிய உணவும், 1958இலிருந்து நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் பெரும்பாலும் ஆசிரியர்களின் தோளில்தான் ஓடின. கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர்ஊராகப் போய் ஊக்கப்படுத்தினார். ஊராரிடம் அரிசியும் விறகும் பெஞ்சும் கடிகாரமும் கேட்டு வாங்குவதும், வந்ததை எழுதி வைப்பதும், பந்தி பார்ப்பதும் பள்ளியில் இருந்தவர்களின் வேலையானது. ஒரு தலைமுறையைப் பள்ளிக்கு இழுத்துவந்த பெரிய காரியம் அது. அதில் ஆசிரியர்கள் மனமுவந்து இறங்கினார்கள் என்பதையும் மறுக்க வேண்டியதில்லை. மனமுவந்து செய்த வேலை நாளடைவில் கடமையாகிவிடும் என்பதுதான் அதன் பின்கதை.

அந்த முடிச்சு அவிழ்ந்தது 1982 ஜூலையில். எம்.ஜி.ஆர். அரசின் சத்துணவுத் திட்டம் திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் தொடங்கியபோது, ஒவ்வொரு மையத்துக்கும் ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஓர் உதவியாளர் என்று மூன்று பேரை நியமித்தார்கள். செலவு அதிகம், நாடு தாங்காது என்ற குரல்கள் எழுந்தன. பள்ளி நிர்வாகத்தின் கண்ணோடு பார்த்தால் நம் வரலாற்றின் ஆகப்பெரிய வேலைப் பிரிவினை அது. அரிசி மூட்டையை எடைபோட்டு வாங்குவதும், பருப்பும் எண்ணெயும் அளந்து போடுவதும், எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று எழுதுவதும் வேறொருவர் பெயருக்கு மாறின. தலைமையாசிரியரின் மேற்பார்வை தொடர்ந்தது, ஆனால் உலை கொதிக்கிறதா என்று பார்க்க வகுப்பைவிட்டு எழுந்துபோக வேண்டியதில்லை. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்திலும் சமையலை மகளிர் சுய உதவிக் குழுவினரிடம் ஒப்படைத்தார்கள். நாற்பதாண்டுக்கு முன் கற்ற பாடம் அரசுக்கு மறக்கவில்லை. இங்கே ஒருவர் குறுக்கிட்டு, ஆசிரியரின் சுமையை இறக்கி, அவரைவிடக் குறைந்த கூலிக்கு ஒரு பெண்ணின் தலையில் ஏற்றியதுதானே இது என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. சத்துணவு ஊழியர்கள் காலமுறை ஊதியத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் பல்லாண்டுகளாகப் போராடி வருகிறார்கள். பள்ளிப் பணியாளர் நலன் என்றால் ஆசிரியர் மட்டும்தான் என்று நினைக்கும் வரை இந்தக் குற்றச்சாட்டு நிற்கும். ஆனாலும் பெயர் இல்லாத வேலைக்கு ஊதிய உயர்வு கேட்க முடியாது. அமைப்பாளர் என்ற பதவி உண்டானதால்தான் அவர் சாலையில் உட்கார்ந்து உரிமை கேட்க முடிகிறது. 1956இல் பந்தி பார்த்த ஆசிரியருக்கு அந்த வழிகூட இல்லை.

மாணவர் எண்ணிக்கையே குறைந்துகொண்டிருக்கும்போது சுமை ஏது என்பதும் அடிக்கடி கேட்கும் வாதம். ஊருக்கு ஊர் அரசுத் தொடக்கப் பள்ளியில் இருபது, முப்பது பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள், விகிதப்படி பார்த்தால் அரச வாழ்வு. அந்தப் பள்ளிக்குள் ஒரு நாள் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். ஒன்று முதல் ஐந்து வரை ஐந்து வகுப்புகள். பாடங்களைப் பெருக்கினால் ஒவ்வொரு நாளும் இருபதுக்கு மேற்பட்ட பாடவேளைகள் இருவருக்கும் பங்கு. வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கூட்டம் என்று தலைமையாசிரியர் போய்விட்டால் ஐந்து வகுப்பும் ஒருவர் கையில். வருகைப் பதிவேடு, சேர்க்கைப் பதிவேடு, தளவாடப் பதிவேடு, பாடக்குறிப்பு, மாற்றுச் சான்றிதழ், உதவித்தொகைப் பட்டியல், சீருடை, காலணி, புத்தகப்பை, வண்ணப் பென்சில் வந்ததும் கொடுத்ததுமான கணக்கு என எதுவும் பிள்ளைகள் இருபது பேர் என்பதற்காகக் குறைவதில்லை. எழுநூறு பேர் படிக்கும் மேல்நிலைப் பள்ளியில் எழுத்தர் ஒருவராவது இருப்பார், இங்கே அவரும் இல்லை. எமிஸ் என்ற இணையத் தளத்தில் அதே விவரங்களை மறுபடி ஏற்ற வேண்டும். காகிதத்தைக் கணினி விழுங்கிவிடும் என்றுதான் அதைக் கொண்டுவந்தார்கள், பல இடங்களில் காகிதமும் இருக்கிறது, கணினியும் இருக்கிறது. 1987இல் கரும்பலகைத் திட்டம் ஓராசிரியர் பள்ளிக்கெல்லாம் இரண்டாம் ஆசிரியரைத் தர முடிவு செய்ததற்குக் காரணமே, பிள்ளைகள் எத்தனை பேர் என்பதைவிட வகுப்புகள் எத்தனை என்பது முக்கியம் என்ற புரிதல்தான். அந்தப் புரிதலை ஏனோ அங்கேயே நிறுத்திவிட்டார்கள்.

சம்பளம் நன்றாக இருக்கிறது, கோடை விடுமுறை இருக்கிறது, இன்னும் என்ன குறை என்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். மன்றோ காலத்து ஆறேழு ரூபாயோடு ஒப்பிட்டால் நிரந்தர அரசு ஆசிரியரின் ஊதியம் வேறு உலகம்தான். தனியார் பள்ளி ஆசிரியருக்கும், தொகுப்பூதியத்தில் இருக்கும் பகுதிநேர ஆசிரியருக்கும் அந்த உலகம் இன்னும் திறக்கவில்லை என்பது ஒருபுறம். ஊதியமும் நேரமும் ஒன்றையொன்று ஈடுசெய்பவை அல்ல என்பது முக்கியமான மறுபுறம். நல்ல சம்பளம் வாங்கும் ஆசிரியர் பிற்பகல் முழுக்கப் படிவம் நிரப்பினால் இழப்பு அவருக்கல்ல, அந்தச் சம்பளத்தைக் கொடுக்கும் பொதுமக்களுக்கும் அன்று கணக்குப் படிக்காமல் போன பிள்ளைக்கும்தான். 1966இல் யுனெஸ்கோவும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட ஆசிரியர் நிலை பற்றிய பரிந்துரை, வேலை நேரத்தை வகுக்கும்போது மாணவர் எண்ணிக்கையோடு பாடத் தயாரிப்பு, திருத்தம், எத்தனை வகைப் பாடம் என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னது. நம் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையும் தயாரிப்பு நேரம் உட்பட வாரம் 45 மணி என்று எழுதியிருக்கிறது. சாக்குக்கட்டிக்கு இருப்புப் பதிவேடு வைத்திருக்கும் பள்ளியில் இந்த 45 மணிக்கு ஒரு பதிவேடு கிடையாது.

பிரித்துக் கொடுத்தாலே போதும் என்றும் சொல்லிவிட முடியாது. 2003இல், தமிழ்நாட்டில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்யப்பட்ட அதே ஆண்டில், இங்கிலாந்து அரசு பெரும்பாலான ஆசிரியர் சங்கங்களோடு உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டது. பணம் வசூலிப்பது, நகல் எடுப்பது, வராத பிள்ளையைத் தேடுவது போன்றவை ஆசிரியர் வேலையல்ல என்று பட்டியலிட்டு, உதவியாளர்களை அமர்த்தினார்கள். பாட நேரத்தில் பத்தில் ஒரு பங்கைத் தயாரிப்புக்கு ஒதுக்கினார்கள். மெட்ராஸ் முறையை இறக்குமதி செய்த நாடு இரண்டு நூற்றாண்டு கழித்து அதற்கு நேரெதிர்த் திசையில் எடுத்த அடி அது. ஆனால் 2014இல் அந்நாட்டு அரசு ஆசிரியரின் வேலைப்பளுவைக் குறைப்பது எப்படி என்று மறுபடி ஆசிரியர்களிடமே கேட்க வேண்டியிருந்தது. காலியான நேரத்தை ஆய்வாளருக்குக் காட்டும் புள்ளிவிவரமும் விரிவான திருத்தக் குறிப்பும் பிடித்துக்கொண்டிருந்தன. கேட்பவருக்குச் செலவில்லாத வரை விவரம் கேட்பது நிற்காது. தேர்ச்சி மானிய காலத்து ஆய்வாளருக்கும் இன்றைய இணையப் படிவத்துக்கும் இது பொது.

கடைசியாக, தேர்தலும் கணக்கெடுப்பும் நாட்டுப் பணி, ஆசிரியரைவிட நம்பகமானவர் யார் என்ற வாதம். இதை எளிதில் தள்ள முடியாது. வாக்குச்சாவடியில் ஊர் அறிந்த ஒரு டீச்சர் உட்கார்ந்திருப்பது நம் தேர்தல்களுக்குக் கிடைத்த நம்பிக்கைச் சொத்து. கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, கல்வி சாராத வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று சொன்னபோதும் பத்தாண்டுக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் மூன்றையும் விலக்கி வைத்தது அதனால்தான். 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் செயிண்ட் மேரீஸ் பள்ளி வழக்கில், தேர்தல் பணிகளை விடுமுறையிலும் பாடமில்லாத நாளிலும் பார்க்க வைக்கலாம், பாடம் நடக்கும் நாளில் வழக்கமாக அழைக்கக் கூடாது என்று கோடு கிழித்தது. பள்ளி நாள் தப்பியது, ஆசிரியரின் ஞாயிற்றுக்கிழமை போனது. ஆக, இந்தப் பணியை ஆசிரியர் செய்யலாமா என்ற கேள்வியைவிட, அவர் இல்லாத நேரத்தின் விலையை யார் கொடுப்பது என்ற கேள்விதான் பொருத்தம். 2027க்கான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிவிக்கப்பட்டுவிட்டது. கணக்கெடுப்பவருக்கு மதிப்பூதியம் உண்டு. அவர் விட்டுப்போன வகுப்பில் நிற்கப்போகிறவருக்கு ஊதியம் எந்தத் தலைப்பில் என்பதையும் அதே ஆணையில் எழுதலாம். 1982இல் மூன்று பதவிகளை உண்டாக்கியபோது செய்ததைவிட இது சிறிய வேலை.